பாட்டி வடை சுட்ட பிறந்த நாள்

பிள்ளைகளுக்குப் பிறந்த நாள் கொண்டாடுவது ஒன்றும் நமக்குப் புதிதல்ல. காலையில் எண்ணெய் தேய்த்துத் தலைக்கு ஊற்றி, புதுச் சட்டை போட்டு, கோயிலில் ஓர் அர்ச்சனை, வீட்டில் ஒரு பாயசம். அதோடு சரி. கண் பட்டுவிடும் என்று பக்கத்து வீட்டுக்குக்கூடச் சில பேர் சொல்லமாட்டார்கள். இப்போது அப்படியா? இரண்டடுக்குக் கேக், பலூன் வளைவு, தெர்மோகோலில் வெட்டிய எழுத்து, வந்த பிள்ளைகளுக்கெல்லாம் திருப்பிக் கொடுக்க ஒரு பரிசு! நகரத்துச் சமாசாரம் என்று நினைத்துக் கொண்டிருந்தது மலையேறி எங்கள் ஊருக்கும் வந்துவிட்டது.

எங்கள் ஊர் போளூர். கொடைக்கானல் என்றால் ஏரியும் படகும் என்று நினைக்கிறவர்களுக்கு இந்தப் பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. கொடைக்கானலுக்கு மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று போகிற மேல்மலைக் கிராமங்களில் ஒன்று. பூண்டு, உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ், இவைதான் பிழைப்பு. 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு எங்கள் மாதிரி ஊர்களில் விளைவதுதான். குறியீடு வந்ததில் பெருமை உண்டு. ஆனால் மண்டியில் விலை இறங்குகிற வருஷம் பெருமையை வைத்து அடுப்பெரிக்க முடியாதே!

என் மகளுக்கு ஜனவரிக் கடைசியில் ஐந்து வயது நிறைந்தது. அதற்கு இரண்டு மாசம் முன்னால் திண்டுக்கல்லில் ஓர் உறவுக்காரப் பிள்ளையின் பிறந்த நாளுக்குப் போயிருந்தோம். ஒரு கார்ட்டூன் படத்தில் வருகிற இளவரசியின் கோட்டை மாதிரியே மேடை போட்டிருந்தார்கள். கேட்பானேன்! "எனக்கும் அதே மாதிரி வேணும்மா" என்று பிடித்த பிடியை விடவில்லை. விசாரித்தால், மலைக்குக் கொண்டு வந்து மேடை கட்டிக் கொடுக்கப் பதினாலாயிரம், கேக் தனி என்றார்கள். பூண்டு எடுக்க இன்னும் ஒரு மாசம் இருந்தது. என் கணவர், "மண்டியில முன்பணம் கேட்டா குடுப்பாங்க. ஒரே பிள்ளை, ஆசைப்படுதுல்ல" என்றார். முன்பணம் வாங்கினால் பூண்டை அவர்களுக்கே போட வேண்டும், அவர்கள் சொல்கிற விலைக்கு. விவசாயக் குடும்பத்துச் சகோதரிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

யோசித்துக் கொண்டே இருந்த நாளில்தான் எங்கள் காட்டில் களையெடுக்க வருகிற பெண் ஒரு வார்த்தை சொன்னாள். அவள் மகளும் என் மகளும் அங்கன்வாடியில் ஒன்றாக இருந்தவர்கள். "பாப்பா பொறந்த நாளுக்கு எம் பிள்ளைய எதிர்பார்க்காதீங்கக்கா. எல்லாப் பிள்ளைகளும் டப்பா டப்பாவா தூக்கிட்டு வரும். வெறுங்கையோட எப்பிடி அனுப்புறது?" என்றாள். வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்பது மாதிரி சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் களைக்கொத்தை எடுத்துக் கொண்டாள்.

எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. பணம் ஒரு பக்கம். என் வீட்டு விசேஷத்தால் ஒரு குழந்தை வீட்டுக்குள் ஒளிந்து கொள்ள வேண்டும் என்றால் அந்த விசேஷம் எதற்கு?

மகளைக் கூப்பிட்டு, "கோட்டை வேண்டாம். நாம ஒரு கதைக்குள்ளேயே போயிருவோம், உனக்குப் பிடிச்ச கதை எது?" என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல், "அப்பத்தா சொல்ற வடைக் கதை" என்றாள். இளவரசி போன இடம் தெரியவில்லை!

பாட்டி வடை சுட்ட கதை நம் எல்லோருக்கும் தெரியும் என்பதுதான் அதில் உள்ள சௌகரியம். புத்தகம் வாங்கிப் படித்த பிள்ளை, படிக்காத பிள்ளை என்ற பேதம் கிடையாது. காக்கையை நரி புகழ்ந்து ஏமாற்றுகிற கதை உலகமெல்லாம் உண்டாம். புத்த ஜாதகக் கதைகளில் காக்கை நாவல் மரத்தில் உட்கார்ந்து பழம் தின்கிறது, நரி கீழே நின்று புகழ்கிறது. பிரெஞ்சுக் கவிஞர் லா ஃபோன்டேன் 1668-ல் எழுதியபோது காக்கையின் வாயில் பாலாடைக்கட்டி. நம் ஊரில்தான் அதற்கு வடை கிடைத்தது, வடை சுட ஒரு பாட்டியும் கிடைத்தாள். நாவல் பழத்தையும் பாலாடைக்கட்டியையும் விட இதுதான் ருசி என்பது என் கட்சி.

என் மாமியாருக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "பொறந்த நாளும் அதுவுமாக் காக்கா வேஷமா? சனீஸ்வரன் வாகனம்டி அது!" என்றார்கள். "அமாவாசைக்கு மாமாவுக்குன்னு காக்காவுக்குத்தானே அத்தை சோறு வைக்கிறோம்?" என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, அவரும் வந்து பேத்தியப் பாத்துட்டுப் போகட்டும்" என்றார்கள். பாட்டி வேஷமும் அவர்களுக்கே என்று முடிவாயிற்று. மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அந்தப் பக்கத்து உறவுக்காரர் ஒருவர் ஒரு கைப்பிடி கம்பளி கொடுத்தார். மாமியாரின் தலை இன்னும் முழுக்க நரைக்கவில்லை. அந்தக் கம்பளியை வைத்துக் கொண்டை போட்டதும் அசல் வடைப்பாட்டி!

அழைப்பிதழ் அச்சடிக்கவில்லை. நானும் மகளும் வீடு வீடாகப் போய், "சனிக்கிழமை மூணு மணிக்குக் கதை விளையாட்டு. பாட்டி அடுப்புக்கு ஆளுக்கு ஒரு சுள்ளி கொண்டு வரணும். வேற எது கொண்டு வந்தாலும் பாட்டி உள்ளே விடமாட்டா" என்று சொல்லிவிட்டு வந்தோம். எங்கள் மலையில் சுள்ளிக்குப் பஞ்சமா? யூகலிப்டஸும் சவுக்கு மாதிரி சீகை மரமும் எங்கே பார்த்தாலும் உதிர்த்துக் கொண்டிருக்கின்றன. களையெடுக்க வருகிறவள் வீட்டில் இதைச் சொன்னபோது அவள் என்னையே பார்த்தாள். "சுள்ளி தானேக்கா?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

மூன்று மணிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. ஐந்து மணிக்கு மேல் பனி இறங்கிவிடும். இருட்டினால் காட்டெருமை தோட்டங்களுக்குள் வரும், பிள்ளைகளைத் தனியாக அனுப்ப முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஐந்து வயதுப் பிள்ளைகள் தாங்கவும் மாட்டார்கள்.

வேஷத்துக்கு வருவோம். முகத்தை மூடுகிற முகமூடி கூடவே கூடாது. சின்னப் பிள்ளைகளுக்கு மூச்சு முட்டும், கண் தெரியாமல் இடித்துக் கொள்வார்கள், சிலது பயந்து அழும். நான் செய்தது தலைப்பட்டை. வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்குப் போன என் கணவர் கறுப்புச் சார்ட் அட்டை நாலும், வண்ணக் கிரேயான் பெட்டி இரண்டும் வாங்கி வந்தார். அட்டையை இரண்டங்குல அகலத்தில் வெட்டி, பிள்ளையின் தலைக்கு அளந்து ஒட்டி, நெற்றிக்கு மேலே மூக்கு வருகிற மாதிரி ஒரு துணி கிளிப்பைச் சேர்த்துக் கட்டினேன். அந்தக் கிளிப்புதான் காக்கையின் அலகு! அட்டையில் வெட்டிய வடையை அதில் மாட்டிவிட வேண்டும். நரி புகழ்ந்ததும், காக்கை "கா" என்று கத்திக் கொண்டே கையை உயர்த்திக் கிளிப்பை அமுக்கினால் வடை பொத்தென்று விழும். இந்த ஒன்றுக்காகவே ஒவ்வொரு பிள்ளையும் நாலு தரம் காக்கை ஆனது.

ஒட்டுவதற்கு மைதாப் பசை போதும். ஒரு பங்கு மாவுக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டுக் கட்டியில்லாமல் கரைத்துக் காய்ச்ச வேண்டும். பூச்சி அரிக்காமல் இருக்கத் துத்தம் போடுகிற வழக்கம் உண்டு. குழந்தைகள் கை வைக்கிற பசையில் அதைப் போடாதீர்கள், அது விஷம். இரண்டு நாளில் பசை புளித்துவிட்டால் கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சிக் கொள்ளலாம். நரி வாலுக்கு என் பழைய ஆரஞ்சுச் சேலை. மிச்சமிருந்த துண்டு, மூன்று கல் வைத்த பொய் அடுப்பில் நெருப்பாகியது. காகிதமும் துணியும் கட்டிய பிள்ளைகள் நிஜ நெருப்புப் பக்கம் வரவே கூடாது என்பதால் வடையெல்லாம் அவர்கள் வருவதற்கு முன்பே சமையலறையில் சுட்டு முடித்து, எண்ணெய்ச் சட்டியையும் இறக்கி மேலே வைத்துவிட்டேன்.

பலூன் வாங்காததும் சிக்கனத்துக்காக மட்டுமல்ல. ஊதாத பலூனையும், வெடித்த துண்டையும் சின்னக் குழந்தைகள் வாயில் போட்டுக் கொள்ளும். அந்த ரப்பர் மூச்சுக்குழாயை மூடிக் கொண்டால் இருமி வெளியே தள்ளுவது கஷ்டம். தெர்மோகோல் தட்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு, டம்ளர் இவையெல்லாம் 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் தடை. ஆகவே வாழையிலைத் துண்டும் வீட்டு எவர்சில்வர் டம்ளரும்தான்.

வடைக்குக் கணக்கு: ஒன்றரைக் கிலோ கடலைப் பருப்பு, முக்கால் கிலோ வெங்காயம். நடுத்தர அளவில் எண்பத்தைந்து வடை வந்தது. குளிரில் பருப்பு ஊற நேரமாகும், வெதுவெதுப்பான தண்ணீரில் மூன்று மணி நேரம் ஊறப் போட்டேன். பிள்ளைகள் வடையில் மிளகாயே போடாமல் இஞ்சி, சோம்பு மட்டும். மூன்று வயதுக் குழந்தைகளும் வந்ததால் முழுப் பருப்பு ஒதுக்கி வைக்காமல் எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்தேன். கூடப் பாசிப்பருப்புப் பாயசம். உயரமான இடத்தில் தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு லேசில் வேகாது, குக்கர்தான் கதி. கீழேயிருந்து மலைக்கு வாழ்க்கைப்பட்டு வருகிற பெண்கள் முதலில் கற்றுக் கொள்வது இதைத்தான்.

கேக்குக்குப் பதில், பித்தளைத் தாம்பாளத்தில் வடைகளைக் கோபுரமாக அடுக்கினோம். மெழுகுவத்தி கிடையாது. பிறந்த நாளன்று விளக்கை ஊதி அணைப்பதில் எனக்கு என்றைக்குமே சம்மதமில்லை. மாமியார் கையைப் பிடித்துக் கொண்டு மகள் சாமி மாடத்தில் ஐந்து அகல் ஏற்றினாள். பதினைந்து பிள்ளைகளும் சுள்ளியோடு வரிசையில் நின்று பார்த்தார்கள். அதில் அந்தக் குழந்தையும் இருந்தாள். அவள் கொண்டு வந்ததுதான் இருப்பதிலேயே பெரிய சுள்ளி. அவள் உயரத்துக்கு இருந்தது, வழியெல்லாம் இழுத்துக் கொண்டே வந்திருக்கிறாள்.

நாடகம் நான் நினைத்தபடி ஒன்றும் நடக்கவில்லை. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் செந்நாய் பார்த்திருக்கிறார்கள், காட்டெருமை தினம் பார்க்கிறார்கள், நரியைப் பார்த்ததில்லை. ஒரு பையன் நரிக்குப் பதில் காட்டெருமையாகத்தான் வருவேன் என்று முட்டிக் கொண்டு நின்றான். வந்தான். "நீ பாடு, இல்லாட்டி மரத்தை முட்டிருவேன்" என்றான். காக்கை பயந்து வடையைப் போட்டுவிட்டது! என் மகளின் காக்கை வடையைக் கையில் எடுத்து வைத்துக் கொண்டு பாடியது. இன்னொன்று பாடவே மறுத்துப் பறந்து போயிற்று. மாமியார் சிரித்துச் சிரித்துக் கம்பளிக் கொண்டை கழன்று விழுந்தது.

எல்லாம் முடிந்ததும் களையெடுக்கிறவள் மகள் மெல்ல எழுந்து, "பாட்டிக்குக் காசு யாரு குடுத்தா?" என்று கேட்டாள்.

யாரும் பேசவில்லை. எத்தனை வருஷமாக இந்தக் கதையைக் கேட்கிறோம், சொல்கிறோம்! காக்கை ஏமாந்தது என்று பரிதாபப்பட்டிருக்கிறோம், நரியின் தந்திரத்தை மெச்சியிருக்கிறோம். வடை சுட்டவளை யார் நினைத்தோம்? மாமியார் அவளைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, "நீயே சொல்லு ஆத்தா, என்ன செய்யலாம்?" என்றார்கள். அவள் யோசித்து, "காக்கா சுள்ளி பொறக்கிட்டு வரட்டும். நரி தண்ணி தூக்கட்டும். ஒரு நாளைக்கு ஒரு வடை கூலி" என்றாள். பாதி வடையா ஒரு வடையா என்று பையன்கள் கொஞ்ச நேரம் சண்டை போட்டார்கள். அவள் விட்டுக் கொடுக்கவில்லை. ஒரு வடைதான் என்று தீர்ந்தது. உடனே எல்லோருக்கும் மறுபடி ஒரு தரம் நடிக்க வேண்டும். கொண்டு வந்த சுள்ளிகளை அலகு கட்டிய காக்கைகள் ஒவ்வொன்றாகப் பாட்டி அடுப்பில் வைத்தன.

திருப்பிக் கொடுக்கிற பரிசு என்று தனியாக எதுவும் வாங்கவில்லை. ஆளுக்கு ஒரு தாளும் கிரேயானும் கொடுத்து, கதையில் பிடித்த இடத்தை வரையச் சொன்னேன். பதினைந்து தாளையும் மடித்துக் கோணி ஊசியால் தைத்து, பழைய காலண்டர் அட்டையை மேலே வைத்துப் புத்தகமாக்கினேன். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாரம் இருக்கட்டும் என்று ஏற்பாடு. தலைப்பட்டையையும் கிளிப்பையும் பிள்ளைகளே எடுத்துக் கொண்டு போனார்கள்.

மொத்தச் செலவு ஆயிரத்து நூற்றுச் சொச்சம். மண்டிப் பக்கம் போகவில்லை. புத்தகக் கடை பக்கத்தில் இருக்கிற சகோதரிகள் இன்னும் சுலபமாகச் செய்யலாம். டெல்லியில் 1957-ல் கேலிச்சித்திரக்காரர் சங்கர் தொடங்கிய சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்ட், அதே வருஷம் பிறந்த நேஷனல் புக் டிரஸ்ட், சென்னையின் தூலிகா எல்லாம் தமிழில் படக்கதைகள் போட்டிருக்கின்றன. கதை மட்டும் சின்னதாக, நாலைந்து பாத்திரங்களோடு இருக்க வேண்டும். ராஜா, மந்திரி, சேனை என்று போனால் தைத்து மாளாது.

எங்கள் புத்தகம் இப்போது ஏழாவது வீட்டில் இருக்கிறது. அடுத்த வருஷம் சிங்கமும் முயலும் கதை என்று மகள் இப்போதே சொல்லிவிட்டாள். சிங்கத்துக்குப் பிடரி சமாளித்துவிடலாம், கம்பளி இருக்கிறது. எட்டிப் பார்த்தால் முகம் தெரிகிற, ஆனால் பிள்ளைகள் உள்ளே விழ முடியாத கிணறு ஒன்றுதான் பிடிபடவில்லை. யாராவது செய்து பார்த்திருந்தால் எழுதுங்களேன்.