பழைய மடிக்கணனிக்கு ஒரு மொடெம் அட்டை

நாங்கள் ரொறன்ரோவுக்கு வந்து இரண்டாவது வருடம், 1998 இல், உறவினர் ஒருவர் தமது பழைய மடிக்கணனியைத் தந்தார். 486 ரகம், விண்டோஸ் 95 இருந்தது, மொடெம் இல்லை. அப்போது கொழும்புக்கு ரெலிபோன் எடுத்தால் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டுதான் கதைக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா எழுதும் கடிதம் கொழும்பில் நின்ற அண்ணாவுக்கே முதலில் கிடைக்கும். அதிலுள்ளதை அங்குள்ள கடையொன்றிலிருந்து மின்னஞ்சலில் அனுப்பலாம் என்று அவர் அறிவித்திருந்தார். ஆகவே எங்களுக்கு மொடெம் விளையாட்டுச் சாமான் அல்ல.

கடைக்காரர் காட்டியது வேகத்தை: அந்த வருடம் வந்த வி.90 முறை, 56கே. நாங்கள் பார்த்தது மடிக்கணனியின் பக்கவாட்டுத் துவாரத்தை. பிசிஎம்சிஐஏ என்ற அந்தத் துவாரத்தில் இரண்டு வகை உண்டு. பழையது 16 பிற், 5 வோல்ற். 1995 இல் வந்த கார்ட்பஸ் 32 பிற், 3.3 வோல்ற். பழைய அட்டை புதிய துவாரத்தில் வேலை செய்யும். புதியதோ பழையதற்குள் முழுதாக இறங்காது. வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். கார்ட்பஸ் அட்டையின் செருகும் முனையில் சிறு புடைப்புகளோடு பொன்னிறத் தகடு ஒன்று இருக்கும். அதைக் கண்டால் அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். பலவந்தமாகத் தள்ளக் கூடாது. உள்ளே 68 ஊசிகள். ஒன்று வளைந்தாலும் துவாரம் போய்விடும்.

பெட்டியின் பக்கத்திலுள்ள சின்ன எழுத்தையும் வாசித்தோம். சில மொடெம்கள் தமது வேலையில் பாதியைக் கணனியின் தலையில் போடுவன. அவற்றுக்குப் பென்ரியம் வேண்டும், 486 தாங்காது. இன்னொன்று, வயர். பல அட்டைகளை ரெலிபோன் வயரோடு இணைக்க அதற்கென்றே ஒரு குட்டி வயர் உண்டு. பழைய சாமான் விற்பவர்கள் அதைத் தொலைத்துவிட்டு அட்டையை மட்டும் நீட்டுவார்கள். அது இல்லாத அட்டை வெறும் தகடு.

கடைசியில் 16 பிற், 33.6கே அட்டையொன்றை, வயரும் டிறைவர் பிளொப்பியும் சேர்த்து, பழையதாகவே எடுத்தோம். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்த பத்து வரிக்கு அது தாராளம். 56கே மொடெமும் அனுப்பும்போது 33.6க்கு மேல் போகாது. ரொறன்ரோவில் உள்ளூர் அழைப்புக்கு நிமிடக் காசில்லை. ஜேர்மனியிலிருந்த சித்தப்பா வீட்டார் உள்ளூர் அழைப்புக்கும் நேரத்துக்கேற்பக் கட்டினார்கள். அவர்களுக்கு வேகம் என்றால் காசு.

இன்று வரும் குடும்பங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஏஓஎல் நிறுவனமே ரெலிபோன் வழி இணையத்தை 2025 செப்ரெம்பரில் நிறுத்திவிட்டது. ஆனால் கைமாறி வரும் கணனிகள் இன்னும் உண்டு. அவற்றுக்கு எதையாவது வாங்குமுன் துவாரத்தைப் பாருங்கள், பிறகு விலையைப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் இருந்தது ஒரே இணைப்பு. இணையத்தில் நிற்கும்போது வேறு அழைப்பு வந்தால் அந்தச் சத்தத்தில் தொடர்பு அறுந்துபோகும். முன்னால் *70 அடித்தால் அறாது. ஆனால் கொழும்பிலிருந்து எடுப்பவருக்கு என்கேஜ் சத்தம்தான் கேட்கும். அண்ணா எடுப்பது ஞாயிறு காலையில். சனி இரவே கடிதங்களை அனுப்பிவிட்டு, வயரைக் கழற்றி ரெலிபோனில் கொழுவிவிட்டுத்தான் படுப்போம்.