கடன் வாங்கிய நஞ்சு

தருமபுரி மாவட்டத்தின் ஒகேனக்கல்லில், பாறைகளின்மேல் காவிரி விழுந்து சிதறும் நீர்த்திவலைகள் புகைமண்டலம் போல் தோன்றும். 'புகையும் பாறை' என்பதே அவ்வூர்ப் பெயரின் பொருள். ஆடிப்பெருக்கன்று அங்குத் திரளும் மக்கள் காண்பவை நுரையும் அலையுமே. ஆயினும் ஆற்றுநீரில் கண்ணுக்குப் புலப்படாத மற்றோர் உலகமும் இயங்குகிறது. ஒரு மில்லிலிட்டர் ஆற்றுநீரில் இலட்சக்கணக்கான பாக்டீரியாக்களும், அவற்றினும் மிகுதியான வைரஸ்களும் இருக்கும். இவ்வைரஸ்களுள் பெரும்பாலானவை மனிதரைத் தீண்டுவதில்லை, பாக்டீரியாக்களையே தாக்குகின்றன. இவை பாக்டீரியோஃபேஜ் எனப்படும்.

கங்கை, யமுனை ஆற்றுநீர் காலராக் கிருமிகளை அழிப்பதாகவும், கொதிக்க வைத்தால் அவ்வாற்றலை இழப்பதாகவும் 1896-இல் ஹேன்கின் என்னும் ஆய்வாளர் எழுதினார். அதற்குக் காரணம் இவ்வைரஸ்களாக இருக்கலாம் எனப் பிற்காலத்தவர் கருதினர். கிருமியைக் கொல்லும் நண்பனாகவே வைரஸ் அன்று தோன்றியது. காலராவில் அதன் மறுமுகம் தெரிய நூறாண்டுகள் ஆயின.

1884-இல் கொல்கத்தாவில் காலராக் கிருமியைப் பிரித்தெடுத்தவர் இராபர்ட் காக். அக்கிருமி எவ்வாறு கொல்கிறது என்பதை 1959-இல் அதே நகரில் சம்பு நாத் டே மெய்ப்பித்தார். கிருமிகளை வடிகட்டி நீக்கிய நீர்மத்தை முயலின் குடலில் செலுத்தியபோதும் அக்குடலில் நீர் பெருகியது. கிருமி சுரக்கும் நஞ்சே நோய்க்குக் காரணம் என்பது தெளிவாயிற்று. அந்நஞ்சால் கடும் நோயாளி ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் நீரைக்கூட இழக்க நேரிடும்.

அந்நஞ்சு கிருமியின் சொந்தப் பொருளன்று. நஞ்சை ஆக்கும் மரபணுக்கள் ஒரு வைரஸின் உடைமை என்பதை 1996-இல் வால்டோர், மெக்கலனோஸ் என்னும் அமெரிக்க அறிவியலாளர் கண்டறிந்தனர். அந்த வைரஸ் தன் மரபணுக்களைக் கிருமியின் மரபணுத் தொகுதியில் பதித்துவிடுகிறது. கிருமி பெருகும்போது நஞ்சும் வழிவழியாகச் செல்கிறது. குடலில் ஒட்டிக்கொள்ளக் கிருமி நீட்டும் மெல்லிழைகளே வைரஸ் நுழையும் வாயிலாகவும் அமைகின்றன. இவ்வைரஸைப் பெறாத அதன் உறவினங்கள் பல, கொள்ளைநோய் எதனையும் விளைவிக்காமல் கழிமுகங்களில் வாழ்கின்றன.

இக்கொடுக்கல் வாங்கலின் விளைவைத் தமிழகம் நேரில் கண்டது. 1992-இன் இறுதியில் சென்னையில் காலரா பரவியபோது, நோயாளிகளிடம் ஒரு புதுவகைக் கிருமி காணப்பட்டது. மேலுறையை ஆக்கும் மரபணுக்களை வேறொரு பாக்டீரியாவிடமிருந்து பெற்று, அது தன் தோற்றத்தையே மாற்றிக்கொண்டிருந்தது. முன்பு நோயுற்றுத் தேறியவர்களின் எதிர்ப்பாற்றலால் அதனை அடையாளம் காண இயலவில்லை. ஆகவே பெரியவர்களும் திரளாக நோயுற்றனர். 'ஓ139' எனப் பெயரிடப்பட்ட அது, சில மாதங்களிலேயே கொல்கத்தாவையும் வங்கதேசத்தையும் எட்டியது. மருந்துகள் சிலவற்றை எதிர்க்கும் மரபணுத் துண்டு ஒன்றும் அதனிடம் இருந்தது. இரு பாக்டீரியாக்கள் ஒன்றையொன்று தொடும்போது இடம்பெயரவல்லது அத்துண்டு.

காலராவுக்கு மட்டும் உரியதன்று இவ்வழி. தொண்டை அடைப்பான் நோயின் நஞ்சும் வைரஸ் தந்ததே. பதினாறு வயதில் மாணவர்க்குச் செலுத்தப்படும் டி.டி. தடுப்பூசி, அந்நோயைப் பொறுத்தவரை, கிருமியை அன்று, அதன் நஞ்சையே எதிர்க்க உடலைப் பழக்குகிறது. கிருமி எத்தனை முறை உறை மாற்றினாலும், நஞ்சு மாறாதவரை காப்பு நிலைக்கும்.

நுண்ணுயிர்களின் கொடுக்கல் வாங்கலை அடியோடு நிறுத்த மனிதரால் இயலாது. அதற்கான களங்களைக் குறைக்க இயலும். கழிவுநீர் கலந்த குடிநீர், கிருமிகளை மீண்டும் மீண்டும் மனிதக் குடலுக்குள் கொண்டு சேர்க்கும் பாதை. தேவையின்றி உண்ணும் மருந்து, எதிர்ப்பு மரபணு பெற்ற கிருமியை மட்டும் வாழவிடும் சல்லடை. நிலத்தடி நீரின் ஃபுளோரைடுக்கு மாற்றாக, 2013 முதல் ஒகேனக்கல் காவிரிநீர் தூய்மைப்படுத்தப்பட்டுத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு வழங்கப்படுகிறது. பல்லையும் எலும்பையும் காக்க வந்த அந்நீர், குளோரின் கலந்து மூடிய குழாயில் வருவதால் குடலையும் காக்கிறது. குழாய் உடைந்த இடத்தில் சாக்கடை கலக்காமல் பார்த்துக்கொள்வது ஊராரின் பொறுப்பு.