மருத்துவர் மறதியும் பொறியின் நினைவும்

திருவள்ளுவர் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரம் வகுத்தனர். அங்குக் கடியப்படும் மறதி மகிழ்ச்சி மிகுதியால் விளையும் சோர்வு. நாள்தோறும் பெருங்கூட்டத்தைக் காணும் மருத்துவருக்கு நேரும் மறதியோ வேறு. அது வேலை நெருக்கத்தால் விளைவது. இரண்டனையும் ஒன்றெனக் கொண்டு மருத்துவரைப் பழிப்பார் உளர். பழித்தற்குக் காரணம் இருந்தும், யாம் அவருட் சேர்ந்தேமல்லேம்.

சில ஆண்டுகட்கு முன் எம் அத்தையாருக்கு நெடுநாள் இருமல் கண்டது. மருத்துவமனையொன்றில் மார்பைப் படம் பிடித்தனர். நுரையீரலிற் சிறு நிழலொன்று தோன்றிற்று. மூன்று திங்கள் கழித்து மீண்டும் படம் எடுத்தல் வேண்டுமென மருத்துவர் கணிப்பொறிக் குறிப்பில் தெளிவாகவே எழுதினார். இருமல் நின்றது, அத்தையாரும் போகவில்லை, அவரை அழைப்பாரும் இலர். அக்குறிப்பை மறுபடி திறந்தபோது பதினான்கு திங்கள் கழிந்திருந்தன, நிழலும் வளர்ந்திருந்தது. எழுதியதிற் குற்றமில்லை. ஆயின் அஃது உரைநடையாய்க் கிடந்தது; குறித்த நாளில் வாய் திறக்குமாறு அதனை யாரும் அமைத்திலர்.

இக்குறைக்கு வழி தேடியவருள் முற்பட்டவர் ஒருவர், அமெரிக்க நாட்டு இந்தியானாபொலிஸ் நகரத்து மருத்துவர் கிளெமென்ட் மெக்டொனால்டு. 1976-இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சி சிறியது. அதில் ஈடுபட்ட மருத்துவர் ஒன்பதின்மரே. கவனிக்க வேண்டிய நிலை தோன்றியபோது பொறி நினைவூட்டிய இடங்கள் 327. அவற்றுள் நூற்றுக்கு 51-இல் அவர்கள் செயலாற்றினர். நினைவூட்டாத இடங்கள் 385. அவற்றுள் நூற்றுக்கு 22-இலேயே செயலாற்றினர். அறிவிலும் அன்பிலும் வேறுபட்டோர் அல்லர், அதே மருத்துவர்களே! மனிதன் குறைவற்றவனாதல் இயலாது என்னும் கருத்தை அவர் தம் கட்டுரையின் தலைப்பிலேயே பொறித்தனர்.

நிற்க. நாட்குறித்து மணியடித்தால் போதாதோ எனின், போதாது. குறித்த நாளில் பொறி முதலில், 'படம் எடுத்தாயிற்றா? முடிவு வந்ததா?' என்று தன் ஏட்டையே நோக்குதல் வேண்டும். வந்திருப்பின் வாளா இருத்தல் வேண்டும். வாராதிருப்பின், பெயர் குறிக்கப்பட்ட ஒருவரை அழைத்தல் வேண்டும். 'மருத்துவர்கள்' என்று பொதுப்பட அழைத்தால் ஒருவரும் வாரார். அவர் விடுப்பிலிருப்பின் அடுத்தவர்க்கு அது செல்லுதல் வேண்டும். இன்னுமொன்று: மருத்துவர் கண்ணாற் கண்ட அளவில் நினைவூட்டல் மறைந்துவிடலாகாது. படத்தின் முடிவு வந்தாலன்றி, அல்லது படம் வேண்டாமைக்குக் காரணம் எழுதப்பட்டாலன்றி, அது நீங்கலாகாது. எம் கருத்தில் இதுவே தலையாயது. பல இடங்களிற் கைவிடப்படுவதும் இதுவே.

இனி, மிகுதியால் வரும் கேடும் உண்டு. எம் விடுதியில் உணவுக்கும் மணி, படிப்புக்கும் மணி, விளக்கணைக்கவும் மணி. இன்று உணவு மணியொன்றே எம் செவியில் விழுகின்றது. மருத்துவரிடத்தும் அவ்வாறே. அமெரிக்கப் பொதுநல மருத்துவர்க்குக் கணிப்பொறி வாயிலாக நாளொன்றுக்குச் சராசரி 77 அறிவிப்புகள் வருகின்றன என 2016-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கூறிற்று. அத்தனைக்கும் நடுவே நுரையீரல் நிழல் பற்றிய சொல் ஒன்று வந்தால் அது எங்ஙனம் கேட்கும்? ஆதலின், எந்த நினைவூட்டல் இருக்கத்தக்கது, எது களையத்தக்கது என்பதனை அவற்றைப் பெறும் மருத்துவரும் செவிலியருமே ஆண்டுதோறும் கூடியிருந்து ஆராய்தல் தகும். பொறியை விற்பார் அதனை முடிவு செய்தல் எமக்கு உடன்பாடன்று. நள்ளிரவில் அவ்வறிவிப்புகளைப் படிப்பவர் அவரல்லர்.