கப்பல் தெரிகிறது, கணபதி தெரியவில்லை

நான் உட்கார்ந்து வேலை பார்க்கிற பாளையங்கோட்டை வீட்டிலிருந்து தூத்துக்குடித் துறைமுகம் சுமார் 50 கிலோமீட்டர். எனக்குச் சம்பளம் தருகிற பம்ப் கம்பெனி கோவை கணபதியில் இருக்கிறது. அங்கே போக ராத்திரி ரயில் பிடிக்க வேண்டும். சரக்கு எப்படியும் என் பக்கமாகத்தான் வருகிறது, நான் எதற்கு அங்கே கிடக்க வேண்டும் என்று கேட்டுத்தான் முதலாளியிடம் அனுமதி வாங்கினேன். "போர்ட்டுப் பக்கம் நம்ம ஆளு ஒருத்தர் இருந்தா நல்லதுதானுங்க" என்று அவரும் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். உண்மைக் காரணம் இருவருக்கும் தெரியும். என் மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை. மாறுதல் கலந்தாய்வில் கோவைப் பக்கம் இடம் கிடைக்கவில்லை. துறைமுகத்தில் கஸ்டம்ஸ் வேலைக்கு ஏஜென்ட் இருக்கிறார். நான் அந்தக் கேட் பக்கம் எட்டிப் பார்ப்பதுகூட இல்லை.

எக்ஸ்போர்ட் மேனேஜர் என்றதும் கண்ணாடி அறை, கீழே நாலைந்து பேர் என்று நினைத்துவிட வேண்டாம். 2025 ஏப்ரலில் அரசு திருத்திய வரையறைப்படி ஆண்டுக்கு 100 கோடி ரூபாய் வரை விற்கிற கம்பெனியும் சிறுதொழில்தான். எங்கள் கணக்கு அந்த எண்ணுக்குப் பக்கத்தில்கூடப் போகாது. விலை சொல்வது, ஆர்டர் பிடிப்பது, இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் அடிப்பது, கப்பலில் இடம் வாங்குவது, வங்கிக்குப் பேப்பர் அனுப்புவது, பணம் வந்ததா என்று பார்ப்பது, வராவிட்டால் வருத்தப்படுவது எல்லாமே ஒரே ஆள்.

இதை வீட்டிலிருந்து பார்க்க முடியுமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: வாங்குகிறவர் என்றைக்கு நம் பக்கத்து மேஜையில் இருந்தார்? டாக்காக்காரருக்கும் நைரோபிக்காரருக்கும் நான் கணபதியில் இருக்கிறேனா பாளையங்கோட்டையில் இருக்கிறேனா என்பது தெரியாது. தெரிந்து ஆகப்போவதும் இல்லை. டாக்கா நமக்கு அரை மணி முன்னால். துபாய் ஒன்றரை மணி, நைரோபி இரண்டரை மணி, லாகோஸ் நாலரை மணி பின்னால். பெரு நாட்டு லிமாவில் காலை 10 மணி என்றால் நமக்கு இரவு எட்டரை. விடுமுறையும் ஊருக்கு ஊர் வேறு. வங்கதேசத்தில் வெள்ளி, சனி விடுமுறை. ஞாயிறு வேலை நாள். எமிரேட்ஸ் 2022 ஜனவரியில் வெள்ளி, சனியை விட்டு சனி, ஞாயிறுக்கு மாறிக்கொண்டது. கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்த காலத்திலும் எனக்காக யாரும் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கவில்லை. ராத்திரிப் பேச்சும் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சும் அப்போதே வீட்டிலிருந்துதான். விற்பனையைப் பொறுத்தவரை எதுவுமே மாறவில்லை.

கப்பலும் அப்படித்தான். எது எங்கே மிதக்கிறது என்பதைக் கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம். 2021 மார்ச்சில் எவர் கிவன் என்ற கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டி ஆறு நாள் நின்றபோது உலகமே உட்கார்ந்து பார்த்தது. 2023 நவம்பரில் செங்கடலில் ஹவுதிகள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கிய பிறகு, ஐரோப்பா போகிற கப்பல்கள் பல ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயின. பத்து நாளுக்கு மேல் கூடுதல். எங்கள் பெட்டி ஏறியிருந்த கப்பல் நன்னம்பிக்கை முனைப் பக்கம் திரும்புவதைச் சாப்பாட்டு மேஜையிலிருந்தே பார்த்தேன். அதே நாளில், அடுத்த ஆர்டருக்கான பம்ப் காஸ்டிங் ஃபவுண்டரியிலிருந்து கணபதிக்கு வந்து இறங்கியதா என்பது எனக்குத் தெரியவில்லை. மூன்று பேரைக் கேட்டேன். மூன்று பதில் வந்தது.

ஆக, என் வேலையில் தொலைவு கடல் பக்கம் கிடையாது. கம்பெனிப் பக்கம்தான் இருக்கிறது.

முன்பு மெஷின் ஷாப்புக்கு மேலே, தகரக் கூரைக்குக் கீழே என் அறை. டெஸ்டிங் பெஞ்சில் தண்ணீர் பாய்கிற சத்தம் கேட்டால் அசெம்பிளி முடிந்தது என்று அர்த்தம். மத்தியானம் வரை அந்தச் சத்தம் இல்லையென்றால் என்னவோ வரவில்லை. இம்பெல்லரோ, மெக்கானிக்கல் சீலோ. மிச்சம் நாலு மணி டீயில் பர்ச்சேஸ்காரர் வாயிலிருந்து வந்துவிடும். யாரும் எதையும் எழுதி வைத்ததில்லை, எல்லோருக்கும் எல்லாம் காதில் விழுந்துகொண்டிருந்தது. இப்போது மோல்டிங்கிலும் லேத்திலும் ஒடிசா, பீகார் பையன்கள் நிறையப் பேர். தீபாவளிக்கு ஊருக்குப் போகிற பீகார்க்காரர்கள் அதற்கடுத்த வாரம் வருகிற சட் பூஜையையும் முடித்துக்கொண்டுதான் திரும்புவார்கள். அங்கே தேர்தல் வந்தாலும் இதே கதைதான். நைரோபிக்கு நாலு வாரத்தில் சரக்கு என்று வாக்குக் கொடுப்பதற்கு முன்னால் எத்தனை பேர் ரயில் டிக்கெட் போட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அது எந்தக் கம்ப்யூட்டரிலும் ஏறாது. டீக்கடையில்தான் கிடைக்கும்.

பெருவுக்குப் போன ஆர்டர் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த நாட்டில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ்; நமக்கு 50. இங்கே நிமிடத்துக்கு 2,900 சுற்று ஓடுகிற மோட்டார் அங்கே 3,500 பக்கம் ஓடும். பம்ப்பின் வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் அது கேட்கிற பவர் ஏறத்தாழ 73 சதவீதம் கூடும். மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிற கணக்கு. அப்படியே அனுப்பினால் மோட்டார் காயில் கருகிவிடும். அதனால் இம்பெல்லரைக் கடைந்து விட்டத்தைக் குறைக்க வேண்டும், பிறகு ஹெர்ட்ஸை மாற்றுகிற டிரைவ் போட்டு 60-ல் ஓட்டிப் பார்க்க வேண்டும். இதெல்லாம் தொலைவிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒரு சங்கடமும் தராது. டிராயிங் போகும், டெஸ்ட் ரிப்போர்ட் வரும், எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும். சங்கடம் மரையில்தான்.

அவர்கள் கேட்டது அமெரிக்க என்.பி.டி. மரை. நாங்கள் வழக்கமாகப் போடுவது பிரிட்டிஷ் பி.எஸ்.பி. ஒரு இன்ச் குழாய்க்கு பி.எஸ்.பி. என்றால் இன்ச்சுக்கு 11 மரை, என்.பி.டி. என்றால் பதினொன்றரை. பல்லின் கோணம் ஒன்றில் 55 டிகிரி, மற்றதில் 60. ஒன்றை மற்றதில் போட்டுத் திருகினால் முதல் இரண்டு மூன்று சுற்று நல்ல பிள்ளையாகப் போகும், அப்புறம் பிடித்துக்கொள்ளும். ஸ்பேனர் போட்டு முறுக்கினாலும் கசியும். ஃபோட்டோவில் எது எது என்று யாராலும் சொல்ல முடியாது.

வாட்ஸப்பில் ஒரு கத்தைப் படம் வந்திருந்தது. டெஸ்பாட்ச் பார்க்கிற அண்ணனைக் கூப்பிட்டு, "மரை செக் பண்ணியாச்சாண்ணா?" என்றேன். "ஆச்சுங் சார்." அவர் பொய் சொல்கிற ஆளில்லை. ஆனால் அவர் நம்பியது லேத்தில் நின்ற பையனை, பையன் நம்பியது செட்டிங் போட்டுக் கொடுத்தவரை. என் தயக்கம் குரலில் தெரிந்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் நான் கேட்காமலே அவரிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. முதலில் நேம் பிளேட், சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி. அடுத்து வலது கையில் மரையைச் சோதிக்கிற என்.பி.டி. பிளக் கேஜ், அதில் வெட்டியிருக்கும் படியைக் கட்டைவிரல் நகத்தால் தொட்டுக் காட்டுகிறார். பனியன் துணியால் பம்ப்பின் வாயைத் துடைக்கிறார். ஸ்பேனர் இல்லாமல் வெறும் கையால் கேஜைத் திருகுகிறார். நாலரைச் சுற்றுப் போய், படி வாயின் விளிம்புக்கு நேராக வந்து நிற்கிறது. "இதானுங் சார். மத்ததும் போடறனுங்." எல்லாப் பம்ப்புக்கும் அப்படியே எடுத்து அனுப்பினார். ஒன்றில் கேஜ் பாதியிலேயே நின்றுவிட்டது. அந்தப் பம்ப் வண்டி ஏறவில்லை. வீடியோக்களை அப்படியே லிமாவுக்குத் தள்ளிவிட்டேன். இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் அனுப்பப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

மரப்பெட்டிக்கும் இப்படி ஒரு கண் வேண்டும். மரத்தைச் சூட்டில் பதப்படுத்தினால் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு 30 நிமிடம் ஏறியிருக்க வேண்டும், கோதுமைக் கதிர் முத்திரை குத்தியிருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. கன்டெய்னருக்குள் முட்டுக் கொடுக்கிறவர் அவசரத்துக்குக் கையில் கிடைத்த கட்டையைத்தான் எடுப்பார். முத்திரை இல்லாத அந்த ஒரு கட்டைக்காக அக்கரையில் மொத்தக் கன்டெய்னரையும் மடக்கிவிடலாம்.

மனிதர்களைவிட எனக்குப் பெரிய தொல்லை ஒரு யுஎஸ்பி டோக்கன். அரசாங்க வேலை எல்லாம் ஆன்லைன் ஆகிவிட்டது என்கிறார்கள்; ஆகித்தான் இருக்கிறது. ஆனால் டிஜிட்டல் கையெழுத்து முதலாளி பெயரில். அந்தக் கையெழுத்து அடங்கிய டோக்கன் அக்கவுன்டன்ட் மேஜை டிராயரில், ரப்பர் ஸ்டாம்புகளோடும் காலாவதியான மாத்திரை அட்டையோடும் கிடக்கிறது. அக்கவுன்டன்ட் எழுந்து அதைச் சொருகினால்தான் நான் இங்கிருந்து அந்தக் கம்ப்யூட்டருக்குள் புகுந்து வேலையை முடிக்க முடியும். முடிக்கிற இடத்தில் ஓ.டி.பி. கேட்கும். அது முதலாளியின் கைப்பேசிக்குப் போகும். வைகாசி, ஆவணி முகூர்த்த நாளாகப் பார்த்துத்தான் கப்பலின் கடைசித் தேதியும் வருமோ என்னவோ. கல்யாண மண்டபத்தில் மேளச் சத்தத்துக்கு நடுவே அவர் ஆறு எண்ணையும் கத்துவார். நான் நாலாவது ஒன்பதா ஐந்தா என்று திருப்பிக் கேட்பதற்குள் நேரம் முடிந்துவிடும். "இன்னொருக்கா அனுப்புங்க தம்பி, பந்தில உக்காந்துட்டேன்" என்பார். பக்கத்து இலைக்காரர் அத்தனையையும் கேட்டுக்கொண்டிருப்பாரே என்ற கவலை எனக்கு மட்டும்தான்.

சரக்கு கப்பலேறியதற்கான ரசீதான பில் ஆஃப் லேடிங் இன்னும் பெரும்பாலும் காகிதம்தான். நம் நாட்டில் அதற்கான சட்டம் 1856-ல் வெள்ளைக்காரன் போட்டது. 2025-ல்தான் புதிதாக எழுதினார்கள். வாங்குகிறவரின் வங்கி பணத்துக்குப் பொறுப்பேற்கிற எல்.சி. ஆர்டர் என்றால், எல்.சி.யில் வேறு கெடு சொல்லாத வரை, சரக்கு கப்பலேறின 21 நாளுக்குள் காகிதங்கள் வங்கிக்குப் போய்ச் சேர வேண்டும். குறை கண்டுபிடிக்க வங்கிக்கு ஐந்து வேலை நாள்; கண்டுபிடிக்காமல் விடுவது அபூர்வம். வாசகத்தை எழுத்தெழுத்தாகப் பார்ப்பது பாளையங்கோட்டையில், கையெழுத்தும் சீலும் கணபதியில், நடுவே கூரியர் பையன்.

ஒரு நல்லதும் நடந்தது. நான் கிளம்பி வந்த பிறகுதான் கம்பெனியில் எழுதி வைக்கிற பழக்கம் வந்தது. எந்த ஆர்டருக்கு எந்த மரை, எந்த வோல்ட், பெயிண்ட் நீலமா சாம்பலா என்பதெல்லாம் இப்போது ஒரு தாளில் இருக்கிறது. நான் அங்கேயே இருந்திருந்தால் இன்னும் என் மண்டையில்தான் இருந்திருக்கும். புரோஃபார்மா இன்வாய்ஸின் அடியில் ஒரு வரியும் சேர்ந்தது: எங்கள் வங்கிக் கணக்கு மாறியதாக மெயில் வந்தால், ஃபோனில் என் குரலைக் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள். கம்பெனி பெயரில் போலி மெயில் விட்டு வேறு கணக்குக்குப் பணத்தைத் திருப்புகிற கும்பல்கள் இந்தத் தொழிலில் சகஜம்.

புது வாடிக்கையாளரின் முதல் சரக்கு ஏறுகிற நாளன்று மட்டும் ரயிலேறிவிடுகிறேன். மற்ற நாளெல்லாம் அந்த அண்ணன்தான் என் கண். வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே 'ஹெல்பர்' என்றுதான் வெகுகாலம் இருந்தது. முதலாளியிடம் விடாமல் பேசி அதை 'டெஸ்பாட்ச் இன்சார்ஜ்' ஆக்கினோம்; சம்பளமும் ஏறியது.

"எக்ஸ்போர்ட்டுக்கு இங்க ஆள் சிக்கறதில்லீங்க, வெளியூர்ல இருந்து பாக்கறவர வெச்சா சரிவருங்களா?" என்று குறிச்சி சிட்கோ பக்கத்து முதலாளிகள் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. சரிவரும். ஆனால் அவருக்கு எவ்வளவு கொடுப்பது என்று கணக்குப் போடுவதற்கு முன்னால், பேக்கிங் பக்கம் நிற்கிறவருக்கு எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். கேஜ் பிடிக்கத் தெரிந்தவராக, முட்டுக் கட்டையைத் திருப்பி முத்திரை பார்க்கிறவராக ஒருவரை அங்கே நிறுத்துங்கள்; நல்ல கேமரா உள்ள ஃபோன் ஒன்றைக் கம்பெனி செலவில் வாங்கிக் கொடுங்கள். சரக்கு சரியில்லை என்று அவர் சொன்னால் வண்டியை நிறுத்துகிற அதிகாரமும் அவருக்கு இருக்கட்டும். இதைச் செய்யாமல் என்னைப் போன்ற ஆளை வைத்தால் காசுக்குக் கேடு.