கரண்ட் எப்ப வரும்?

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கடைமடைக் கிராமங்களுக்கு நடுவில் ஒரு மின்வாரியப் பிரிவு அலுவலகம். 1978-ல் அங்கே ஹெல்பராகச் சேர்ந்தேன். வயர்மேன், லைன்மேன், லைன் இன்ஸ்பெக்டர் என்று ஒவ்வொரு படியாக ஏறி 2014-ல் ஓய்வு பெற்றேன். இந்த 36 வருஷத்தில் ஊர் ஜனங்கள் என்னிடம் எத்தனையோ கேட்டிருக்கிறார்கள். புது இணைப்பு, தாழ்வாகத் தொங்கும் கம்பி, எரியாத தெருவிளக்கு, வெள்ளை அட்டையில் பெயர் மாற்றம். ஆனால் கடைத்தெருவில் நிறுத்தியும், கல்யாணப் பந்தியில் பக்கத்து இலையிலிருந்து எட்டிப் பார்த்தும், சாவு வீட்டு வாசலில் தாழ்ந்த குரலிலும் அவர்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "தம்பி, கரண்ட் எப்ப வரும்?"

கம்பம் ஏற எனக்கு ஆறு மாதத்தில் வந்துவிட்டது. இந்தக் கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல வருஷக்கணக்கானது. இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் அதைச் சீக்கிரமே கற்றுக்கொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

டவுனில் கரண்ட் போனால் பெரும்பாலும் கோளாறு கூப்பிடு தூரத்தில் இருக்கும். கிராமத்தில் அப்படி இல்லை. துணை மின்நிலையத்திலிருந்து 11 கே.வி. லைன் ஒன்று புறப்பட்டால், வயல், தோப்பு, ஏரிக்கரை, மூங்கில் புதர், சுடுகாடு என்று தாண்டி பத்துப் பன்னிரண்டு ஊருக்குப் போகும். எங்கோ ஓரிடத்தில் தென்னை மட்டை விழுந்திருக்கும். இல்லையென்றால் ஒரு பின் இன்சுலேட்டரில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கும். வெயிலில் ஒழுங்காக நிற்கும், மழை நனைத்ததும் கசியும். துணை மின்நிலையத்தில் பிரேக்கர் விழுந்துவிடும். அங்கே இருக்கிற ஆபரேட்டருக்குத் தெரிவது அவ்வளவுதான். எந்தக் கம்பம், எந்த வயல் என்று காட்டுகிற கருவி எதுவும் எங்கள் காலத்தில் எங்கள் கையில் இல்லை. லைனின் பாதி வழியில் இருக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்துவிட்டு, முதல் பாதிக்கு மட்டும் கரண்ட் விட்டுப் பார்ப்போம். நின்றால் கோளாறு அந்தப் பக்கம். விழுந்தால் இந்தப் பக்கம். அதற்குப் பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு கம்பம் கம்பமாக நடக்க வேண்டியதுதான். ஐப்பசி மழையில், வரப்பில், பாம்புக்கு நடுவே. இரண்டு பேர் ராத்திரி முழுக்க நடந்து ஒரு உடைந்த பீங்கானைக் கண்டுபிடிப்போம். அதை மாற்ற அரை மணி நேரம் போதும்.

இது ஊருக்குத் தெரியாது. தெரியவேண்டும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அவர்கள் கேட்பது எப்போது வரும் என்று மட்டுமே.

1987 ஆடி மாதம். புதாற்றில் தண்ணீர் கடைமடை வரை வந்து சேரவில்லை. கல்லணைக் கால்வாயை எங்கள் பக்கம் புதாறு என்றுதான் சொல்வோம். போர் வைத்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் மோட்டார் போட்டார்கள். பதிவில் ஐந்து குதிரைத்திறன், கொட்டகையில் ஓடியது ஏழரை. இப்படிப் பத்து மோட்டார் சேர்ந்தால் 63 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் எத்தனை நாள் தாங்கும்? ஒரு சாயங்காலம் அது போய்விட்டது. எச்.ஜி. பியூஸ் மூன்றும் அறுந்திருந்தன, டேங்கைச் சுற்றி எண்ணெய் வடிந்திருந்தது, கருகல் நெடி. ஏறிப் பார்க்கவே வேண்டாம். டிரான்ஸ்பார்மரை இறக்கி, ஸ்டோரிலிருந்து வேறொன்று வாங்கி, லாரி பிடித்து, ஆள் சேர்த்து ஏற்ற வேண்டும். மூன்று நாளாவது ஆகும்.

இறங்கி வரும்போது வரப்பில் ஒரு அம்மா நின்றிருந்தார். கணவர் இல்லாதவர், ஒன்றரை ஏக்கர்காரர். நாற்றங்கால் விட்டு ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. "தம்பி, எப்ப வரும்?" என்றார். எனக்குப் பசி. சொன்னால் புலம்புவார், கேள்விமேல் கேள்வி கேட்பார் என்று தோன்றியது. "அரை மணி நேரத்துல வந்துரும் சின்னம்மா" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் போனபோது அவர் மோட்டார் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தார். ராத்திரி அங்கேயே இருந்திருக்கிறார். கரண்ட் வந்த நொடியில் ஸ்டார்ட்டரை அழுத்த வேண்டும் என்று. என்னைத் திட்டவில்லை. "வராதுன்னு நேத்தே சொல்லியிருந்தா, ஆயில் எஞ்சினை வாடகைக்குப் பிடிச்சிருப்பேனே தம்பி. ராத்திரி அது சும்மாதான் கெடந்துச்சாம். இன்னைக்குக் காலையில வேற ஊருக்குப் போயிருச்சு" என்றார். நாற்றங்கால் வெடிக்கத் தொடங்கியிருந்தது. டிரான்ஸ்பார்மர் ஏறியபோது பாதி நாற்று காய்ந்து போயிருந்தது.

டிரான்ஸ்பார்மர் எரிந்ததற்கு நான் பொறுப்பில்லை. ஸ்டோரிலிருந்து வர மூன்று நாள் ஆனதற்கும் நான் பொறுப்பில்லை. அந்தப் பாதி நாற்று மட்டும் என் வாயால் காய்ந்தது. இன்றைக்கும் எனக்கு அதில் சந்தேகமில்லை.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த லைன்மேனிடம் இதைச் சொன்னேன். என்னைவிட இருபது வயது மூத்தவர், அண்ணன் என்று கூப்பிடுவேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்கப் போகிற இடமெல்லாம் என்னைக் கூட அழைத்துப் போனார். கேட்டவர்களுக்கு அவர் பதில் சொன்ன விதத்தை அப்போதுதான் கவனித்தேன். "பியூஸ்தான் போயிருக்கு, நான் டீ குடிக்கிறதுக்குள்ள வந்துரும்." "லைன்ல எங்கயோ கோளாறு, இன்னும் கண்டுபிடிக்கல. இப்ப எதுவும் சொல்ல முடியாது, ஒன்பது மணிக்கு வந்து சொல்றேன்." "இது இன்னைக்கு ஆகாதுங்க. வேற ஏற்பாடு பாத்துக்குங்க." தெரிந்ததைத் தெரிந்தது என்றார். தெரியாததைத் தெரியாது என்றார். ஒன்பது மணிக்கு வருகிறேன் என்றால், அப்போதும் கோளாறு அகப்படாவிட்டாலும் வந்து நின்று "இன்னும் அகப்படல" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒன்பது மணி நடைதான் என்னை அதிகம் அசைத்தது. கையில் ஒன்றுமே இல்லாமல் போய் நிற்பதற்கு ஒரு தைரியம் வேண்டும்.

கரண்ட் வேலையில் லைன் கிளியர் என்று ஒன்று உண்டு. எல்.சி. என்போம். லைனில் கை வைக்கும் முன், துணை மின்நிலைய ஆபரேட்டரிடம் கேட்டு வாங்க வேண்டும். அவர் அந்த லைனை நிறுத்தி, நோட்டில் நேரத்தோடு பெயர் எழுதிக்கொள்வார். நாங்கள் ஏ.பி. சுவிட்சைத் திறந்து, பூட்டி, எர்த் ராடைக் கம்பியில் மாட்டி, அதற்கப்புறம்தான் ஏறுவோம். வேலை முடிந்து, எல்லாரும் இறங்கி, ராடைக் கழற்றிய பிறகு, யார் எல்.சி. வாங்கினாரோ அவரே திருப்பிக் கொடுக்க வேண்டும். அவர் வாயால் சொல்லாமல் யார் சொன்னாலும், மேலதிகாரியே சொன்னாலும், ஆபரேட்டர் லைனை ஏற்றக் கூடாது. கீழே வீட்டு லைனில் வேலை என்றால் அண்ணன் இன்னொன்றும் செய்வார். டிரான்ஸ்பார்மர் பெட்டியிலிருந்து பியூஸ் கட்டைகளை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார். "பெட்டியில இருந்தா யாரோ ஒருத்தன் மாட்டிருவான். பையில இருந்தா நான்தான் மாட்டணும்" என்பார்.

யோசித்துப் பாருங்கள். எங்கள் உயிர் முழுக்க ஒரு வார்த்தையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வார்த்தையை நாங்கள் நோட்டில் எழுதினோம், நேரம் குறித்தோம், பூட்டுப் போட்டுக் காத்தோம். ஆபரேட்டர் "அரை மணி நேரத்துல ஏத்துறேன்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் பத்து நிமிஷத்தில் ஏற்றினால் சும்மா விடுவோமா? அதே வாயால் ஊர்க்காரர்களிடம் வேறு விதமாகப் பேசினேன். அது என் உயிரில்லை, அவர்கள் பயிர், அவ்வளவுதான் என்று உள்ளுக்குள் நினைத்திருக்கிறேன் போலும்.

இலவசக் கரண்டுக்கு இவ்வளவு கேள்வியா என்று பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களிடம் எனக்குக் கோபம் உண்டு. 1984-ல் எம்.ஜி.ஆர். சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் தந்தார். 1990-ல் கலைஞர் எல்லா விவசாயிகளுக்கும் தந்தார். அதற்கு முன் நடந்ததையும் சேர்த்தல்லவா நினைக்க வேண்டும்? மின் கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்தில் 1970-ல் பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் செத்தார்கள். 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் மாட்டுவண்டிகளை ஓட்டிக்கொண்டு போய்க் கோவை நகரத்தையே நிறுத்தினார்கள். அப்படி வந்த கரண்ட் இது. தமிழ்நாட்டில் இன்று இருபது லட்சத்துக்கும் மேல் விவசாய இணைப்புகள். ஒரு இணைப்புக்காகப் பத்துப் பதினைந்து வருஷம் வரிசையில் காத்திருந்தவர்களை எனக்கே தெரியும். பணம் கட்டவில்லை என்பதற்காகப் பதில் கேட்கும் உரிமை ஒருவருக்கு இல்லாமல் போகாது.

குடிசைகளுக்கு ஒரு விளக்கு கொடுத்த காலத்தில், அந்த உரிமையைக் கேட்கவே கூசிய ஒருவரைக் கண்ணால் பார்த்தேன். மீட்டர் இல்லை, நாற்பது வாட் பல்பு ஒன்றுதான். காலனியில் ஒரு வீட்டில் மாட்டிவிட்டு வந்த மூன்றாம் நாள் அது எரியவில்லை. அந்த வீட்டுப் பெரியவர் அலுவலகத்துக்கு வந்தார், ஆனால் உள்ளே வரவில்லை. காலையிலிருந்து மத்தியானம் வரை புங்க மரத்தடியில் நின்றிருந்தார். காசு கட்டாதவன் எப்படிக் கேட்பது என்ற தயக்கம். அண்ணன்தான் வெளியே போய், பெஞ்சில் உட்காரவைத்து, "சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள வர்றேன், விளக்கு வைக்கிறதுக்கு முன்னாடி" என்றார். போனோம். ஹோல்டரில் ஒரு திருகு தளர்ந்திருந்தது.

இப்போது நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்துக்குப் பிறகு நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் வந்தது, அதற்கு மேல் மின் குறைதீர்ப்பாளர் வந்தார். 2004-ல் வந்த ஒழுங்குமுறை விதிகள் எந்த வேலையை எத்தனை நேரத்தில் முடிக்க வேண்டும் என்று எழுதியே வைத்துவிட்டன. பழுதான டிரான்ஸ்பார்மரை 48 மணி நேரத்தில் மாற்ற வேண்டும். தவறினால் நுகர்வோருக்கு இழப்பீடு உண்டு. 1987-ல் அந்தச் சின்னம்மாவிடம் இப்படி ஒரு காகிதம் இருந்திருந்தால் என் பொய்யை அவர் நம்பியிருக்கத் தேவையில்லை. 2021-ல் சென்னையில் மின்னகம் தொடங்கினார்கள். எந்த மூலையிலிருந்தும் ராத்திரி எந்நேரமும் பேசலாம். நல்ல ஏற்பாடு. ஆனாலும் சென்னையில் போனை எடுக்கிற பெண்ணுக்கு என் ஊர் கம்பம் தெரியாது. கம்பத்தடியில் நிற்கிறவன் உள்ளதைச் சொன்னால்தான் அவரும் உள்ளதைச் சொல்ல முடியும்.

ஓய்வு பெற்ற நாலாவது வருஷம், 2018 நவம்பர் 16, விடிவதற்குள் கஜா புயல். வேதாரண்யம் பக்கம் கரையேறி எங்கள் தோப்புகள்மேல் ஏறிப் போயிருந்தது. காலையில் கதவைத் திறந்தால் வானம் வெளிச்சமாக இருந்தது. நிழல் கொடுத்த தென்னைகள் எல்லாம் படுத்துக் கிடந்தன. அந்தப் புயலில் டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் விழுந்தன. அவற்றில் சிலவற்றை நட்டவன் நான். ஒன்பது மீட்டர் கம்பம் என்றால் ஒன்றரை மீட்டர் குழி, பக்கத்தில் நின்று அளந்து பார்த்து நட்டவை. அடிக்குச் சற்று மேலே முறிந்து, கம்பி உள்ளிருந்து துருத்திக்கொண்டு கிடந்தன.

வெளி மாவட்டங்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள், கேரளத்திலிருந்தும் வந்தார்கள். பள்ளிக்கூடங்களிலும் மண்டபங்களிலும் படுத்துக்கொண்டு, கிடைத்ததைத் தின்றுகொண்டு, இடுப்பளவு சேற்றில் கம்பம் தூக்கினார்கள். எங்கள் ஊர் பக்கம் வந்த குழுவுக்கு முப்பது வயதுகூட இருக்காத ஒரு பையன் தலைவன். தெருவே என்னைப் பிடித்துத் தள்ளியது: "நீங்க இருந்த ஆபீஸ்தானே, போய்க் கேளுங்க." போனேன். நாற்பது வருஷமாக மற்றவர்கள் என்னிடம் கேட்டதை அன்றைக்கு முதல்முறையாக நான் கேட்டேன்.

"தம்பி, கரண்ட் எப்ப வரும்?"

அவன் தோளிலிருந்த கயிற்றை இறக்கி வைத்தான். "இந்த வாரம் வராதுங்க ஐயா. சப்ஸ்டேஷன்லேருந்து இங்க வர்ற எச்.டி. லைன் முதல்ல நிக்கணும். அப்புறம் ஆஸ்பத்திரி, அப்புறம் தண்ணித் தொட்டி. அதுக்கப்புறம்தான் தெரு. உங்க தெருவுக்குப் பன்னெண்டு நாளாவது ஆகும். பத்தாம் நாள் வந்து எந்த நிலைமைல இருக்குன்னு சொல்றேன்."

தெருவுக்கு வந்து ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னேன். ஒரு வீட்டில் அழுகை. ஒரு வீட்டில், கைக்குழந்தையோடு இருந்த பெண்ணை அன்றைக்கே திருச்சியில் இருக்கும் அக்காள் வீட்டுக்கு அனுப்ப முடிவு செய்தார்கள். இன்சுலின் ஊசி போடுகிற ஒருவர் மருந்தை வைக்க மண்பானையும் ஈரத்துணியும் தயார் செய்தார். இளைஞர்கள் தலைக்கு இருநூறு ரூபாய் வசூலித்து, தண்ணீர்த் தொட்டியை நிரப்ப ஒரு ஜெனரேட்டரை வாடகைக்குக் கொண்டுவந்தார்கள்.

ஜெனரேட்டர் வந்ததும் நானும் எழுந்து போனேன். மெயினைப் பிரிக்காமல் ஜெனரேட்டரை ஓட்டினால் கரண்ட் பின்பக்கமாக லைனில் ஏறும். எங்கோ இரண்டு கிலோமீட்டர் தள்ளி, செத்த லைன் என்று நம்பிக் கம்பியைப் பிடித்திருக்கிற பையன்மேல் பாயும். தொட்டி மோட்டாருக்கான மெயின் பெட்டியைத் திறந்து, பியூஸ் கட்டை மூன்றையும் உருவி, சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். "இப்ப ஓட்டுங்கடா" என்றேன். தொட்டி நிரம்பி வழிகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.