சத்தம் எப்ப வருது?

குடுமியான்மலை சிகாநாதசுவாமி கோயிலுக்குப் பின்னே, குடைவரையை ஒட்டிய பாறையில் 38 வரிகளில் வெட்டப்பட்டிருக்கிறது அந்த இசைக் கல்வெட்டு. கிரந்த எழுத்தில் ஸ்வரங்களை நான்கு நான்காகச் சேர்த்து, ஏழு பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும், வரும் வழியெல்லாம் காரின் முன்பக்கம் ‘ஊ...ம்’ என்று முனகிக்கொண்டே வந்த சத்தத்தை அங்கேயே காட்டிவிட நினைத்து, சாலையோர ஒர்க்‌ஷாப் ஒன்றில் நிறுத்தினேன்.

மெக்கானிக் பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை. “பேரிங்கா இருக்குமோ?” என்றேன். “என்ன சாமான்னு நான் பாத்துக்கிறேன் சார். எப்ப வருதுன்னு மட்டும் சொல்லுங்க” என்றபடி சாவியை வாங்கிக்கொண்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வண்டி நாற்பதைத் தாண்டியதும் முனகல் ஆரம்பித்தது. அறுபதில் நன்றாகவே கேட்டது. நேரான, ஆளில்லாத இடத்தில் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்தார். எஞ்சின் வேகம் இறங்கியும் சத்தம் அப்படியே இருந்தது. வண்டியின் வேகம் குறையக் குறைய மெதுவாகத்தான் அடங்கியது. “எஞ்சின் தப்பிச்சுது. சக்கரத்துப் பக்கம்தான்.”

அடுத்து ஸ்டீயரிங்கை லேசாக வலப்பக்கம் ஒடித்தார், முனகல் கூடியது. இடப்பக்கம் ஒடித்தபோது அடங்கியது. வலப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் இடப்பக்கச் சக்கரங்கள்மேல் சாய்கிறது. ஆகவே சந்தேகம் இடது முன்சக்கரத்தின்மேல் விழுந்தது.

ஆனாலும் உடனே கழற்றவில்லை. டயர் ஏறுமாறாகத் தேய்ந்திருந்தாலும் இதே மாதிரி ஒலி வரும் என்பதால், டயரின் முகத்தை உள்ளங்கையால் முன்னும் பின்னும் தடவிப் பார்த்தார். பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி, ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றி, மறு கையைச் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்மேல் வைத்தார். என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். மணல் அரைபடுவதுபோல் விரலில் நறநறவென்று தெரிந்தது. வலப்பக்க ஸ்பிரிங்கில் அந்த அதிர்வே இல்லை. வீல் பேரிங்தான். தள்ளிப்போட்டால் சக்கரம் ஆட்டம் கொடுக்கும்; முற்றினால் இறுகியும் விடும். பழையதைத் தள்ளிப் புதியதை ஏற்றப் பிரஸ் வேண்டும், அது புதுக்கோட்டையில்தான் என்றார்.

மற்ற சத்தங்களையும் கேட்டுவைத்தேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் அல்லது ஏசி போட்டதும் ‘கீச்’சென்றால் பெல்ட். பிரேக் மிதிக்கும்போது கீச்சிட்டால் பேட் தேய்ந்திருக்கலாம். கீச்சு போய்க் ‘கர்ர்’ரென்று இரும்போடு இரும்பு உரசினால் வண்டியை ஓட்டவே கூடாது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது ‘டக் டக்’ வந்தால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்ட். ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியேறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சின்னச் சின்னப் பள்ளங்களில் ‘கடகட’வென்றால் லிங்க் ராடு, புஷ். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ‘டிக் டிக்’ என்றால் முதலில் ஆயில் அளவு. ஜல்லி ரோட்டில் போய்வந்ததும் சக்கரத்தில் கிறீச்சிட்டால், டிஸ்க்குக்கும் அதன் பின்தகட்டுக்கும் நடுவே கல் மாட்டியிருக்கவும் கூடும்; அதற்குச் சாமான் எதுவும் மாற்றத் தேவையில்லை.

தனி ஒரு ஸ்வரத்தைக் கேட்டு அது கல்வெட்டின் எந்தப் பகுதி என்று சொல்ல முடியாது. எதனோடு சேர்ந்து வருகிறது என்பதே அடையாளம். வண்டிச் சத்தமும் அப்படித்தான்.

ஆகவே ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது “பேரிங் மாத்துங்க” என்று சொல்லாதீர்கள். என்ன வேகத்தில், எந்தப் பக்கம் திரும்பும்போது, பிரேக் மிதித்தா மிதிக்காமலா, வண்டி சூடாவதற்கு முன்பா பின்பா என்பதைக் குறித்துக்கொண்டு போங்கள். மெக்கானிக்கை ஒருமுறை பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டுங்கள். ஓட்டிப் பார்க்காமலே சாமான் பட்டியல் எழுதுகிற இடமென்றால், சாவியைக் கொடுக்காதீர்கள்.