நன்றி நாளுக்கு ஒரு பூசணி வட்டிலப்பம்

கனடாவில் ஒக்ரோபர் மாதத்து இரண்டாவது திங்கட்கிழமை நன்றி நவிலல் நாளாகும். 1957ஆம் ஆண்டு முதல் இவ்வாறே. அன்றைய விருந்தில் பூசணிப் 'பை' பெரும்பாலும் இடம்பெறும். "எங்கட வீட்டில மட்டும் அது இல்லை, சேர்" என மாணவர் சிலர் எம்மிடம் முறையிடுவர். இரவு வேலை முடித்து வரும் தாய்க்கு மாவுருட்டி ஓடு செய்ய நேரமேது? ஓட்டை விட்டுவிடலாம் என்பதே எமது துணிபு.

ஓடில்லாத பூசணிப் பை வட்டிலப்பத்திற்கு உடன்பிறப்பு. யாழ்ப்பாணத்தில், எமது பிள்ளைப் பருவத்தில், முஸ்லிம் அயலவர் பெருநாளன்று அனுப்பிய கிண்ணங்களிலேயே அதனை உண்டோம். 1990ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அம்மக்கள் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டனர். எங்கள் வீட்டில் ஒரு கிண்ணம் தங்கிவிட்டது. பெற்றோரே, பரிமாறும்போது இதனையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

மூன்று முட்டைகளுடன் முக்கால் கோப்பை துருவிய கருப்பட்டியை (கிடையாவிடின் பழுப்புச் சீனி) கரையும்வரை அடிக்க. இவ்வேலையைச் சிறுவரிடமே விடலாம். 398 மில்லிலீற்றர் தகரப் பூசணிக் களி, ஒரு கோப்பை தேங்காய்ப்பால், ஏலப்பொடி, சிட்டிகை உப்பு சேர்க்க. இனிப்புக் கலந்த தகரமும் அதே தட்டில் இருக்கும், பார்த்து வாங்குக. வெண்ணெய் பூசிய பாத்திரத்தில் ஊற்றி, வெந்நீர்த் தட்டில் அமர்த்தி, 350 பாகை பரனைற்றில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேகவைக்க. கத்தி ஒட்டாது வெளிவரின் வெந்தது. கஜு தூவி, ஓரிரவு குளிரவிட்டு உண்க.